திரை 225 என்கிறது, தட்டு 250 என்கிறது: புதுப் பெல்லட் கிரில்லைச் சரிபார்க்க எந்த வழி?

புதுப் பெல்லட் கிரில்லை (மரத்தூளை இறுக்கிச் செய்த சிறு குச்சிகளை எரிக்கும் அடுப்பை)ப் பின்முற்றத்தில் நிறுத்தி முதல்முறை பற்றவைத்ததுமே இந்தக் குழப்பம் வந்துவிடும். சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் திரையில் 225. மூடியில் பதித்திருக்கும் டயலில் 190. பத்து டாலருக்கு வாங்கித் தட்டில் வைத்த தெர்மாமீட்டரில் 250. எதை நம்புவது? பலரும் நேராக மெனுவுக்குள் போய் ஆஃப்செட்டை (கன்ட்ரோலர் படிக்கும் சூட்டோடு கூட்டும் அல்லது கழிக்கும் திருத்த எண்ணை) மாற்றிவிடுகிறார்கள். சிலர் கம்பெனிக்கு ஃபோன் போட்டு சென்சார் கேட்கிறார்கள். இரண்டுக்குமே இன்னும் நேரம் வரவில்லை. அந்த மூன்று எண்களும் சரியாகவே இருக்கலாம். மூன்றும் மூன்று இடத்துச் சூடு.

ஆகவே முடிவுகள் இரண்டு. எதைக் கொண்டு அளப்பது என்பது முதல் முடிவு. அளந்ததை வைத்து எதைத் திருத்துவது, அல்லது திருத்தாமல் விடுவதா என்பது அடுத்தது. முதலாவதைச் சரியாகச் செய்தால் இரண்டாவதில் பாதி வேலை குறைந்துவிடும். இந்தக் கட்டுரையில் வரும் டிகிரி எல்லாம் பாரன்ஹீட். செல்சியஸ் வரும் இடத்தில் அப்படியே சொல்லியிருக்கிறோம்.

## எண்கள் ஏன் ஒத்துப்போவதில்லை

1980களில் ஓரிகன் மாநிலத்தில் ஜோ டிரேகர் உருவாக்கிய அடிப்படை அமைப்புதான் இன்றும் பெரும்பாலான பெல்லட் கிரில்களில் இருக்கிறது. பெல்லட் கொட்டிவைக்கும் பெட்டியான ஹாப்பரிலிருந்து பெல்லட்டை ஆகர் என்ற திருகுத்தண்டு தள்ளிக்கொண்டு போய்த் தீக்கிண்ணத்தில் போடுகிறது. விசிறி காற்றூதுகிறது. தீக்கு மேலே ஒரு தடுப்புத் தகடு, அதற்கு மேலே கொழுப்பு வடியும் சாய்வுத் தட்டு. சூடான காற்று இந்தத் தட்டின் ஓரங்களைச் சுற்றி ஏறி, கம்பித்தட்டைக் கடந்து புகைபோக்கிக்குப் போகிறது.

கன்ட்ரோலருக்கு இதில் எதுவும் தெரியாது. அதற்குக் கண் ஒன்றே ஒன்றுதான்: உட்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும், பேனா ரீஃபில் போன்ற மெல்லிய எஃகுக் குழல். சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் ஆர்டிடி சென்சார் என்பது அதுதான். பல மாடல்களில் ஹாப்பர் பக்கச் சுவரிலும் சிலவற்றில் பின்சுவரிலும் இருக்கும். நீங்கள் கறி வைப்பது நடுவில். கன்ட்ரோலர் பார்ப்பது ஓரத்தில். ஒரே தோசைக்கல்லில் நடுவில் ஊற்றிய மாவு சிவந்துவிட, ஓரத்தில் வெளுத்தே கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இடம் போல நேரமும் ஒரு காரணம். பழைய வகை கன்ட்ரோலர் இத்தனை நொடி ஓட்டு, இத்தனை நொடி நிறுத்து என்று ஆகரை இயக்கும். சூடு குறித்த அளவுக்கு மேலும் கீழும் 20 டிகிரி ஊசலாடுவது அதற்கு இயல்பு. சூட்டின் போக்கைக் கணக்கிட்டு ஆகரைச் சரிசெய்துகொண்டே இருக்கும் பிஐடி வகை கன்ட்ரோலர் 5 முதல் 10 டிகிரிக்குள் பிடித்துவைக்கும். சில கன்ட்ரோலர்கள் சூடு குறித்த அளவை நெருங்கிவிட்டால் உண்மை எண்ணைக் காட்டாமல் குறித்த எண்ணையே திரையில் நிறுத்திவைக்கும். ஆடாமல் 225 என்றே நிற்கும் திரையைப் பார்த்து மகிழ வேண்டியதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

அளக்கும் வழி எதுவானாலும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

- அது அளப்பது எதை? நமக்கு வேண்டியது கம்பித்தட்டு உயரத்தில், உணவு இருக்கும் இடத்துக் காற்றின் சூடு. இரும்பின் சூடோ மூடியின் சூடோ வேறு கணக்கு.
- கருவி சரியா என்பதை வீட்டிலேயே சோதிக்க முடியுமா?
- ஒரு மணி நேரச் சராசரியைத் தருமா, ஒரு கணத்து எண்ணை மட்டும் தருமா?
- ஒரே நேரத்தில் எத்தனை இடம்?
- மூடியைத் திறக்காமல் படிக்க முடியுமா? திறந்தால் சூடு சடாரென்று இறங்கும், கன்ட்ரோலர் பெல்லட்டை அள்ளிப் போடும், மூடிய பிறகு எகிறும். அடுத்த பதினைந்து நிமிடத்துக்கு எந்த எண்ணுக்கும் அர்த்தமில்லை.
- கருவியின் விலை போக, பெல்லட்டும் நேரமும் எவ்வளவு போகும்?

திருத்தும் வழிகளுக்குக் கூடுதலாக இரண்டு: பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா, உத்தரவாதம் கெடுமா.

## தொடங்குமுன்

முதல் எரிப்பு முடியாமல் அளக்கக் கூடாது. தொழிற்சாலை எண்ணெயும் தூசியும் போக, கையேட்டில் உள்ளபடி எரிக்கவேண்டும். பெரும்பாலும் 350 அல்லது அதற்கு மேல் வைத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம். அதன்பின் இரண்டு மூன்று சமையல் ஆனால் இன்னும் நல்லது. உட்புறம் கருத்துப் படிந்ததும் கிரில் ஒரு நிலைக்கு வரும்.

கிரில் மட்டமாக நிற்கிறதா பாருங்கள். தடுப்புத் தகடு தீக்கிண்ணத்தின்மேல் சரியான பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். புதுக் கிரில்லில் ஒரு பக்கம் மட்டும் 40 டிகிரி கூடுதலாக இருந்தால், பூட்டும்போது இந்தத் தகட்டைத் திருப்பி வைத்துவிட்டார்களா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். சாய்வுத் தட்டு சென்சாரைத் தொடவே கூடாது. தொட்டால் கன்ட்ரோலர் காற்றை விட்டுவிட்டுத் தகட்டின் சூட்டைப் படிக்கும். கொழுப்புத் தட்டை அலுமினியத் தாளால் சுற்றுபவர்கள் தாள் ஓரம் தூக்கிக்கொண்டு காற்றுப் பாதையை அடைக்காமல் இறுக்கி மடிக்க வேண்டும்.

பெல்லட் ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும். வளைந்தாலோ விரலில் உதிர்ந்தாலோ ஈரம் ஏறியிருக்கிறது. அந்தப் பையை வைத்து அளந்தால் கிரில்லை அளக்கமாட்டீர்கள், ஈரத்தை அளப்பீர்கள்.

கடைசியாகத் தெர்மாமீட்டர். உயரமான டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடுக்குகள் நிரம்பும் அளவுக்குக் குளிர்ந்த நீர் விட்டுக் கலக்கி, இரண்டு நிமிடம் கழித்து புரோப் (சூட்டை உணரும், ஒயர் இணைந்த கம்பி) முனையை நடுவில் பிடியுங்கள். டம்ளரின் சுவரிலோ அடியிலோ படக்கூடாது. 32 காட்டவேண்டும். இரண்டு டிகிரி முன்பின் இருந்தால் கவலையில்லை. கொதிநீரிலும் பார்க்கலாம். ஆனால் 212 என்பது கடல் மட்டத்துக் கணக்கு. ஒவ்வொரு 500 அடி உயரத்துக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். டென்வரில் இருப்பவருக்குத் தண்ணீர் 202 அளவிலேயே கொதித்துவிடும், தெர்மாமீட்டரின் மேல் பழியில்லை. புரோப்பும் ஒயரும் சேரும் இடம் மட்டும் தண்ணீரில் முங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். புரோப்புகள் சாவது பெரும்பாலும் அங்கே புகும் ஈரத்தால்தான்.

## அளக்கும் வழிகள்

### மூடியில் இருக்கும் டயல்

செலவில்லை, அதுவே அதன் ஒரே சிறப்பு. கம்பித்தட்டுக்குப் பல அங்குலம் மேலே, வெளிக்காற்றில் குளிரும் மூடியில் பொருத்திய இருலோகச் சுருள் அது. அதன் எண்ணுக்கும் தட்டின் எண்ணுக்கும் 30, 50 டிகிரி வித்தியாசம் வருவதில் வியப்பில்லை. அதற்குப் பின்னால் மறைதிருகு இருக்கும் மாடல்களில் திருப்பித் 'திருத்துவதும்' வீண்வேலை: ஒரு சூட்டில் ஒத்துப்போகும், அடுத்த சூட்டில் விலகிவிடும். கிரில் சூடாகிக்கொண்டிருக்கிறதா, தீ அணைந்துவிட்டதா என்று வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்க அது போதும்.

### ஓவனுக்குள் வைக்கும் டயல் தெர்மாமீட்டர்

பத்து டாலர் சுமாருக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும். சரியான உயரத்தில் நிற்கும், காற்றின் சூட்டையே காட்டும். குறைகள் மூன்று. அதைப் படிக்க மூடியைத் திறக்கவேண்டும். கண்ணாடி ஜன்னல் உள்ள மாடல்களில்கூட அரை மணியில் புகை படிந்து கண் தெரியாது. சூட்டின் மாற்றத்தை மெதுவாகத்தான் பின்தொடரும். ஐஸில் முக்கிச் சோதிக்கவும் முடியாது, ஏனெனில் பலவற்றில் அளவுகோல் 100க்கு மேல்தான் தொடங்கும். இரண்டு டயல் வாங்கி அருகருகே வைத்தால் இரண்டும் வேறு எண் சொல்வதுண்டு.

இன்னொரு சிக்கல், கீழிருந்து வரும் கதிர்வெப்பம். டயலின் தகரம் சாய்வுத் தட்டைப் பார்த்தபடி நிற்பதால், காற்றைவிடக் கூடுதலாகவே காட்டக்கூடும்.

வாரம் ஒருமுறை கோழிக்கால் சுடுபவர், 25 டிகிரி முன்பின் ஆனாலும் பாதகமில்லை என்றால், இதுவே போதும். பிரிஸ்கட் (மாட்டின் மார்புக்கறி) போல 12 மணி நேரம் போகும் வேலைக்குப் போதாது.

### பிஸ்கட் சோதனை

இந்த பிஸ்கட் டீயில் தோய்க்கும் பிஸ்கட் அல்ல. அமெரிக்கக் கடைகளில் குளிர்பெட்டியில், அட்டைக் குழலில் அடைத்து விற்கும் மாவு. கிரில்லை 350இல் நிறுத்தி, சூடு நிலைத்ததும் இரண்டு குழல் மாவை வில்லைகளாகப் பிரித்துத் தட்டு முழுக்கச் சீரான இடைவெளியில் பரப்பவேண்டும். 12 நிமிடத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் திருப்பி, வைத்த இடத்திலேயே அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். கருகியது சூடான இடம், வெளுத்தது குளிர்ந்த இடம். மலிவான வெள்ளை பிரெட் துண்டுகளிலும் இதைச் செய்யலாம். விளிம்பு விளிம்பாக அடுக்கினால் இன்னும் நுணுக்கமான வரைபடமே கிடைக்கும்.

இதை வெல்லும் வழி இல்லை: எட்டு பத்து டாலருக்குள் பதினாறு புள்ளிகளின் ஒப்பீடு. ஆனால் எந்த எண்ணும் கிடைக்காது. எல்லா பிஸ்கட்டும் ஒரே நிறமாக வந்தால் கிரில் சமச்சீர் என்று தெரியும். 350 உண்மையில் 350தானா என்று தெரியாது. அடிப்பக்க நிறம் கம்பியின் சூட்டையும் கதிர்வெப்பத்தையும் சேர்த்துச் சொல்வதால், குறைந்த சூட்டில் நீண்ட நேரம் புகையூட்டும்போது நிலவரம் கொஞ்சம் மாறும். ஆகவே புரோப் சோதனைக்குத் துணையாகச் செய்யுங்கள், மாற்றாக வேண்டாம். வில்லைகள் வீணாகா, வெண்ணெய் தடவிக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

### லேசர் துப்பாக்கி

அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் மேற்பரப்பை மட்டும் அளக்கும். காற்றை அதனால் அளக்கவே முடியாது. பளபளக்கும் ஸ்டீல் கம்பியில் அடித்தால் எதிரொளிப்பை அளந்து பொய் சொல்லும். வார்ப்பிரும்புக் கல்லையோ பீட்சாக் கல்லையோ உள்ளே வைத்துச் சூடேற்றுபவருக்கு அருமையான கருவி. கிரில்லின் அளவுத் திருத்தத்துக்கு வேண்டாம்.

### பல முனை மின்னணுத் தெர்மாமீட்டர்

எங்கள் தேர்வு இது. நான்கு புரோப் உள்ள சாதாரண வகை 40 முதல் 60 டாலருக்குக் கிடைக்கும். தெர்மோவொர்க்ஸ் சிக்னல்ஸ் நான்கு முனை, ஃபயர்போர்டு 2 ஆறு முனை. இவை விலை கூடியவை, சூட்டின் வரைபடத்தையும் செயலியில் சேமித்துத் தரும். கணக்குப் பார்த்தால் விலை குறைந்ததே போதும், நான்கு புரோப்பும் ஐஸ் சோதனையில் தேறினால். பெட்டியில் ஒரே ஒரு காற்றுப் புரோப்பும் மூன்று கறி புரோப்பும் வருவது வழக்கம். சோதனைக்கு நான்கையும் காற்றில் பயன்படுத்தலாம், ஆனால் கறி புரோப்பின் உச்சவரம்பைப் பாருங்கள். 400க்கு மேல் தாங்காதவை உண்டு.

மறைந்த செலவு: தட்டில் மாட்டும் கிளிப் தனியாக வாங்க வேண்டியிருக்கும். கிளிப் இல்லையென்றால் பச்சை உருளைக்கிழங்கைக் குறுக்கே குத்தி நிறுத்தலாம் என்று சொல்வார்கள். கிழங்கின் ஈரம் ஆவியாகி அக்கம்பக்கத்தைக் குளிர்விக்கும், ஆகவே முனை குறைந்தது இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கசக்கிய அலுமினியத் தாள் உருண்டை அதைவிட மேல்.

கறிக்குள் குத்தும் ஒயரில்லாப் புரோப்பின் பின்முனையும் காற்றின் சூட்டைக் காட்டும். அதை இந்த வேலைக்கு நம்பவேண்டாம். குளிர்ந்த, ஈரமான இறைச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் காற்று எப்போதும் மற்ற இடத்தைவிடக் குளிர்ந்தே இருக்கும்.

செய்முறை இது. உள்ளே உணவு எதுவும் இருக்கக்கூடாது.

1. முதல் புரோப் சென்சாருக்கு மிக அருகில், அதே உயரத்தில், அதைத் தொடாமல். இரண்டாவது தட்டின் நடுவில். மூன்றாவதும் நான்காவதும் இடது, வலது பக்கங்களில், சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி. பின்னவை மூன்றும் கம்பிக்கு ஓர் அங்குலம் மேலே.
2. ஒயர்களைப் பக்கத்து ஓட்டை வழியாக வெளியே எடுங்கள். மூடியின் விளிம்பில் நசுக்க வேண்டாம்.
3. 225இல் வையுங்கள். திரை 225 காட்டிய பிறகு இன்னும் 40 நிமிடம் சும்மா விடுங்கள். திரை எட்டிவிடும், இரும்பு எட்டியிருக்காது.
4. அடுத்த ஒரு மணி நேரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு எண்ணையும் திரையின் எண்ணையும் எழுதுங்கள். மூடியைத் தொடவேண்டாம்.
5. 275, 350 ஆகிய இரண்டிலும் இதையே செய்யுங்கள். இவற்றுக்கு 25 நிமிடக் காத்திருப்பு, அரை மணிப் பதிவு போதும்.
6. ஒவ்வொரு புரோப்புக்கும் சராசரி எடுங்கள். கூடவே அதிகபட்சம், குறைந்தபட்சம்.

எல்லாம் சேர்ந்து நான்கு மணி நேரம் ஆகும். 225இல் மணிக்கு ஒரு பவுண்டு, சூடு ஏற ஏற இரண்டு பவுண்டுக்கு மேல் என்று பெல்லட் போகும். 20 பவுண்டுப் பையில் கால்வாசிக்கு மேல் கரையும். வெறுங்கிரில்லை எரிப்பதற்கு மனம் வராதவர்கள் 350 சோதனையோடு பிஸ்கட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். எண்களை எழுதி முடித்த பிறகு மூடியைத் திறந்து மாவைப் பரப்புங்கள்.

| வழி | அளப்பது | வீட்டில் சோதிக்கலாமா | மூடி திறக்காமல் | செலவு | எதற்குத் தோது |
|---|---|---|---|---|---|
| மூடி டயல் | மூடியருகுக் காற்று | கடினம் | முடியும் | இல்லை | தீ இருக்கிறதா என்று பார்க்க |
| ஓவன் டயல் | தட்டுக் காற்று, ஓரிடம் | பெரும்பாலும் முடியாது | முடியாது | 10 டாலர் சுமார் | அவ்வப்போது கோழி, காய்கறி |
| பிஸ்கட் | இடத்துக்கு இடம் வேறுபாடு | தேவையில்லை | முடியாது | 10 டாலருக்குள் | சூடான மூலையைக் கண்டுபிடிக்க |
| லேசர் துப்பாக்கி | மேற்பரப்பு | ஓரளவு | முடியாது | 20 முதல் 40 டாலர் | கல், வார்ப்பிரும்பு |
| பல முனை | தட்டுக் காற்று, பல இடம் | ஐஸில் முடியும் | முடியும் | 40 டாலர் முதல் | நீண்ட நேரச் சமையல், புகார் செய்யும்முன் |

## எண்களைப் படிப்பது

ஓர் உதாரணம். கிரில்லை 225இல் வைத்தபோது கிடைத்த சராசரிகள்: சென்சார் அருகில் 223, நடுவில் 241, இடதில் 236, வலதில் 252. பார்த்தவுடன் 'கிரில் 16 டிகிரி தப்பு' என்று தோன்றும். தப்பில்லை. சென்சார் தன் இடத்துச் சூட்டை இரண்டு டிகிரிக்குள் சரியாகச் சொல்கிறது. நடுவிடம் ஓரத்தைவிடச் சூடு, அவ்வளவுதான். இங்கே புதுச் சென்சார் போட்டாலும் அதே எண்கள்தான் வரும்.

வேறொரு உதாரணம். திரை 225, சென்சாருக்கு ஒட்டியே இருக்கும் புரோப் 198, மற்றவை 200 முதல் 212. இப்போதுதான் சென்சாரையோ அதன் இணைப்பையோ சந்தேகிக்க வேண்டும். பல கிரில்களில் இருப்பது பிடி1000 வகை ஆர்டிடி: ஐஸ் நீரில் 1000 ஓம், 100 செல்சியஸில் 1385 ஓம். பிளக்கைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஐஸிலும் கொதிநீரிலும் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எண்கள் சரியென்றால் சென்சார் நல்லதுதான். தளர்ந்த முனைகளையும் துருவையும் பாருங்கள். இணைப்பில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு 10 ஓமும் சூட்டை ஐந்து டிகிரி போலக் கூட்டிக்காட்டும். கன்ட்ரோலர் அதை நம்பித் தீயைக் குறைக்கும், தட்டு குளிரும்.

சராசரி சரி, ஆனால் மேலுக்கும் கீழுக்கும் 60 டிகிரி ஊசல் என்றால் அது அளவுத் திருத்தத்தால் தீராது. காற்று, ஈரப் பெல்லட், சாம்பல் நிறைந்த தீக்கிண்ணம், சென்சாரில் படிந்த கொழுப்பு இவற்றில் ஒன்று. கொழுப்புப் பூச்சு சென்சாரைச் சோம்பேறியாக்குகிறது. உள்ளே சூடு ஏறிய பிறகும் அது தாமதமாகத்தான் உணர்கிறது, அதற்குள் ஆகர் இன்னும் இரண்டு கை பெல்லட் போட்டுவிடுகிறது.

## திருத்தும் வழிகள்

### ஒட்டிவைத்த சீட்டு

மூன்று சூட்டின் சராசரியை ஒரு சீட்டில் எழுதி ஹாப்பர் மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். '225 வைத்தால் நடு 241. 225 வேண்டுமென்றால் 210 வை.' செலவில்லை, எதுவும் கெடாது, உத்தரவாதத்துக்கு ஆபத்தில்லை. வித்தியாசம் 20 டிகிரிக்குள் என்றால் இதைத் தாண்டிப் போகவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. சிக்கல் ஒன்று: 25 டிகிரிப் படிகளில் மட்டும் சூட்டை மாற்றவிடும் கன்ட்ரோலரில் 210 வைக்க முடியாது. வீட்டில் வேறொருவர் சமைத்தால் சீட்டைப் படிக்க வேண்டும் என்பதும் ஒன்று.

### இரும்பு வேலை

வலது 252, நடு 241, இடது 236 என்ற வரிசை இருந்தால் முதலில் கை வைக்க வேண்டியது சாய்வுத் தட்டில். அது ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் இடைவெளி விட்டால், அகன்ற இடைவெளி வழியாகச் சூடு பாயும். சூடான பக்கம் நோக்கிக் கால் அங்குலம் நகர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். புகைபோக்கித் தொப்பியின் உயரத்தை மாற்றும் வசதி இருந்தால் கையேட்டின் அளவில் வைத்துத் தொடங்குங்கள். அதை மிகவும் இறக்கினால் புகை உள்ளேயே தேங்கித் தீ திணறும். மூடியின் பின்விளிம்பில் புகை கொட்டினால், சூடு தாங்கும் நாடா ஒட்டலாம், 20 டாலர் ஆகும். சிறிது கசிவது இயல்பு. அதற்காக நாடா ஒட்ட வேண்டாம்.

சமமின்மையை எந்த மெனுவாலும் தீர்க்க முடியாது. அதற்கு இந்த வழி ஒன்றுதான். அல்லது சூடான மூலையைப் பயன்படுத்திக்கொள்வது: கோழித் தொடை அங்கே, மார்பு மறுபக்கம்.

### மெனுவில் ஆஃப்செட்

எல்லாக் கம்பெனியும் கிரில்லின் சென்சாருக்கு ஆஃப்செட் தருவதில்லை. சில மாடல்களில் கறி புரோப்புக்கு மட்டும் இருக்கும். பெயரைப் பார்த்து மயங்கி அதை மாற்றிவிட்டு, கிரில் மாறவில்லையே என்று தேடுபவர்கள் உண்டு.

ஆஃப்செட் என்பது ஒரே ஓர் எண்ணைக் கூட்டுவது அல்லது கழிப்பது. ஆகவே உங்கள் வித்தியாசமும் எல்லாச் சூட்டிலும் ஒரே அளவாக இருந்தால்தான் அது பலிக்கும். 225இல் 18, 275இல் 20, 350இல் 19 என்றால் தாராளமாக மாற்றுங்கள். 225இல் 12, 275இல் 22, 350இல் 41 என்றால் வேண்டாம். சூடு ஏற ஏற விரியும் இந்த வித்தியாசம் இடத்தால் வருவது. 350க்கு ஏற்றபடி 41 போட்டால் 225இல் 29 டிகிரி மறுபக்கம் சாய்ந்துவிடும். மூன்று சூட்டிலும் அளக்கச் சொன்னது இதற்காகத்தான்.

கூட்டலா கழித்தலா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலவற்றில் அந்த எண் சென்சாரின் வாசிப்போடு சேரும், சிலவற்றில் எதிர்மாறு. பத்து டிகிரி மட்டும் மாற்றி, அரை மணி காத்திருந்து, நடுப் புரோப் எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்த்த பிறகு மீதியைப் போடுங்கள். தட்டு சூடாக வேண்டும் என்று 30 டிகிரி மாற்றியவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: உச்ச அளவான 500இல் வைத்தால் உள்ளே 530. கொழுப்புத் தட்டு நிறைந்திருக்கும் நாளில் தீப்பிடிக்க அந்த முப்பது போதும்.

### பி செட்டிங்

பழைய வகை கன்ட்ரோலரில் பி0, பி1, பி2 என்று வரும் இது ஆகர் ஓய்ந்திருக்கும் நேரம். டிரேகர் வகைக் கணக்கில் ஆகர் 15 நொடி ஓடும். ஓய்வு 45 நொடியோடு, பி எண்ணைப் பத்தால் பெருக்கிச் சேர்த்தது. பி2 என்றால் 65 நொடி ஓய்வு. எண் கூடினால் பெல்லட் குறையும், சூடு இறங்கும், புகை கூடும், தீ அணையும் வாய்ப்பும் கூடும். பல கிரில்களில் இது ஸ்மோக் (குறைந்த சூட்டில் புகையூட்டும்) நிலையில் மட்டுமே வேலை செய்யும். 225, 350 என்று குறித்துச் சமைப்பவருக்கு இதனால் எதுவும் திருந்தாது. குளிர்காலத்தில் ஸ்மோக் நிலையில் தீ அணைந்துகொண்டே இருந்தால் ஒரு படி குறைத்துவிடுங்கள். இதன் பயன் அதோடு சரி.

### சென்சார் அல்லது கன்ட்ரோலர் மாற்றுவது

புதுக் கிரில் என்றால் கையில் இருப்பது உத்தரவாதம். திருகைக் கழற்றும் முன் புகார் செய்யுங்கள். சென்சார் அருகே வைத்த புரோப்பின் சராசரி, திரையின் எண், ஐஸ் சோதனையின் படம் மூன்றையும் அனுப்பினால், மறுமுனையில் இருப்பவர் 'மூடியைத் திறக்காதீர்கள்' என்ற வழக்கமான பாடத்தைத் தாண்டி நேராக விஷயத்துக்கு வருவார். சென்சார் மட்டும் தனியாக வாங்கினால் 15 முதல் 30 டாலர். பிடி100, பிடி1000 இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாற்றிப் போட்டால் திரையில் பிழைச்செய்திதான் வரும்.

வேறு கம்பெனியின் பிஐடி கன்ட்ரோலர் போடுவது 100 டாலருக்கு மேல் ஆகும் வேலை. உத்தரவாதம் முடிந்த, பழைய வகைக் கிரில்லில் ஊசல் பொறுக்க முடியவில்லை என்றால் அது நல்ல முதலீடு. புதுக் கிரில்லில் செய்தால் உத்தரவாதத்தை நீங்களே கிழித்துப் போட்டதாகலாம். பிஐடி வந்தால் ஊசல் குறையும், புகையும் கொஞ்சம் குறையும். வலது மூலை மட்டும் அப்படியே சூடாக இருக்கும்.

## எவ்வளவு துல்லியம் போதும்

225க்கும் 240க்கும் உள்ள வித்தியாசம் பிரிஸ்கட்டின் நேரத்தைக் கொஞ்சம் மாற்றும், சுவையை மாற்றாது. கேக்கோ ரொட்டியோ கிரில்லில் சுடுபவருக்கு 15 டிகிரி பெரிது. பன்னீர் டிக்காவுக்கு யாரும் அளக்கவே தேவையில்லை, மேலே கருகும் நிறமே சொல்லிவிடும். இறைச்சி வெந்துவிட்டதா என்பதைக் கிரில்லின் சூடு ஒருபோதும் சொல்லாது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அளவு கோழிக்கு உள்சூடு 165, கொத்துக்கறிக்கு 160, ஆடு மாட்டின் முழுத்துண்டுக்கு 145இல் எடுத்து மூன்று நிமிடம் ஓய்வு. கறிக்குள் குத்தும் புரோப் இல்லாதவர் முதலில் வாங்க வேண்டியது அதைத்தான். கிரில்லைச் சரிபார்ப்பது அதற்குப் பிறகு.

ஜூலையில் எடுத்த எண்கள் ஜனவரிக்குப் பொருந்தாது. மிச்சிகனிலோ டொராண்டோவிலோ இருப்பவர்கள் குளிர்காலத்தில் 225 ஒன்றையாவது மறுபடி அளந்து சீட்டில் இரண்டாவது வரியாக எழுதிக்கொள்வது நல்லது. வெப்பப் போர்வை போட்டால் அதோடு சேர்த்து அளக்கவேண்டும். பெல்லட்டின் கம்பெனி மாறினாலும் ஐந்து பத்து டிகிரி நகரும், அதற்கெல்லாம் மறுசோதனை வேண்டாம்.

சீட்டில் உள்ளதைவிட ஒருநாள் திடீரென்று 30 டிகிரி விலகினால் ஆஃப்செட்டைத் தொடாதீர்கள். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, ஆறிய கிரில்லில் தீக்கிண்ணத்துச் சாம்பலை உறிஞ்சி எடுத்து, சென்சார் குழலை வினிகர் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்து, ஹாப்பரின் அடியில் தூளாகக் கிடக்கும் பெல்லட்டைக் கொட்டிவிட்டுப் புதுப் பையோடு மறுபடி 225இல் வையுங்கள். பெரும்பாலும் பழைய எண்ணே திரும்பி வரும்.